கெத்துபா: படத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் வாசகத்தை முடித்துவிடுங்கள்

யூதக் குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும் தமிழ்ப் பெண்ணோ பையனோ என்றைக்காவது தேடினால் கண்ணில் படட்டும் என்று இதை எழுதுகிறேன். நான் தேடியபோது தமிழில் ஒரு வரி கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்தவற்றில் ஒரு ரகம் யூதர்கள் யூதர்களுக்காக எழுதியது, அதில் பாதி விஷயம் நமக்கு ஏற்கெனவே தெரியும் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். இன்னொரு ரகம் கெத்துபா விற்கிற கடைகள் எழுதியது, அதில் எல்லாமே சுலபம், எல்லாமே அழகு. எனக்கு ஆனது என்னவென்றால் 500 டாலருக்கு மேல் தண்டம், ஒரு கோடைகாலம் முழுக்க இரண்டு வீட்டிலும் முணுமுணுப்பு, கல்யாணத்துக்கு முன்னாலேயே புருஷன் பெண்டாட்டி மாதிரி சண்டை.

முதலில் தெரியாதவர்களுக்கு. கெத்துபா என்பது யூதத் திருமண ஒப்பந்தப் பத்திரம். ஹுப்பா என்கிற பந்தலுக்குக் கீழே போவதற்கு முன்னால் சாட்சிகள் அதில் கையெழுத்துப் போடுவார்கள், பந்தலில் எல்லார் முன்னாலும் வாசிப்பார்கள், அப்புறம் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டிவிடுவார்கள். மாட்டுவதால் பார்க்க நன்றாக இருக்க வேண்டும், அதனால் இது ஒரு பெரிய வியாபாரம். மாதுளம்பழம், எருசலேம் நகரம், பின்னிக்கிடக்கும் இரண்டு மரங்கள் என்று இணையக் கடைகளில் படங்கள் கொட்டிக்கிடக்கும். படத்தைத் தொட்டால் கீழே ஒரு பட்டியல் விரியும்: ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ், ரிஃபார்ம் (இந்த மூன்றும் யூத மதப் பிரிவுகள், கட்டுப்பாடு மிகுந்ததிலிருந்து தளர்ந்தது வரை), இன்டர்ஃபெய்த் (வேறு மதத்தவரோடு கலப்புத் திருமணம்), செக்குலர் (மதம் சாராதது). ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுப் பெயர், தேதி நிரப்பிப் பணம் கட்ட வேண்டியதுதான் என்று தோன்றும். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நாங்கள் இருப்பது நியூயார்க்கில். சட்டப்படியான கல்யாணத்துக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாது. அதற்கு நகர கிளார்க் அலுவலகத்தில் 35 டாலர் கட்டி லைசன்ஸ் வாங்க வேண்டும், வாங்கிய பிறகு 24 மணி நேரம் பொறுத்து 60 நாளுக்குள் கல்யாணம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த வேலையில் ஒரு தலைவலியும் இல்லை. தலைவலி முழுக்க இந்தப் பத்திரத்தில் என்ன எழுதுவது என்பதில்தான்.

என் கணவர் குடும்பம் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த அஷ்கெனாசி யூதர்கள். மாமியார் கன்சர்வேடிவ் சினகாக்கில் (யூத வழிபாட்டுக் கூடம்) வளர்ந்தவர். விஷயம் தெரிந்ததும் தன் கெத்துபாவைப் படம் எடுத்து அனுப்பினார், அராமிக் என்ற பழைய மொழியில் எழுதிய பாரம்பரிய வாசகம். அதன் மொழிபெயர்ப்பைத் தேடிப் படித்த அன்றைக்கு எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. கன்னிப்பெண் என்றால் 200 சூஸ் (பழைய நாணயம்) வெள்ளி. விதவை, விவாகரத்தானவள், மதம் மாறி வந்தவள் என்றால் 100. மணமகன்தான் பேசுகிறான், மணமகள் ஒப்புக்கொள்கிறாள். அவள் கொண்டுவரும் சீருக்கு ஒரு மதிப்பு, அதற்கு மேல் அவன் போடும் தொகை ஒன்று, இதற்கெல்லாம் தன் சொத்து முழுவதும், தோளில் கிடக்கும் மேலாடை உட்பட, பிணை என்று அவன் எழுதிக்கொடுக்கிறான். நம்மூரில் வரதட்சணைக்கு எதிராகப் பேசி வளர்ந்தவள் நான், இதை எப்படிச் சுவரில் மாட்டுவது?

எங்களுக்குக் கல்யாணம் நடத்திவைக்க ஒத்துக்கொண்ட ராபியிடம், அதாவது யூத மதகுருவிடம், பிற்பாடு இதைக் கேட்டபோது (அவரும் பெண்தான், எங்கம்மா கடைசிவரைக்கும் 'ராபி அம்மா' என்றே கூப்பிட்டார்) அவர் சொன்ன விளக்கத்தில் கோபம் பாதி இறங்கியது. அந்தக் காலத்தில் கணவன் நினைத்தால் மனைவியைத் தள்ளிவிடலாம். அது அவனுக்குச் சுலபமாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தத் தொகை. மிஷ்னா என்ற பழைய யூதச் சட்டத் தொகுப்பின் கணக்குப்படி 200 சூஸ் வைத்திருப்பவன் ஏழைகளுக்கென்று வயலில் விட்டுவைக்கும் தானியத்தில் கை வைக்கக் கூடாது, அதாவது ஓர் ஆள் ஒரு வருஷம் சாப்பிடப் போதுமான பணம் அது. தள்ளிவைக்கப்பட்டவளோ விதவையோ தெருவுக்கு வந்துவிடாமல் இருக்க ஒரு வருஷத்துச் சாப்பாடு. திருச்சியில் இருக்கும் அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் உடனே பிடித்துக்கொண்டார். "பாய் வீட்டுக் கல்யாணத்துல மஹர் எழுதுவாங்களேம்மா, அந்த மாதிரிதானே?" கிட்டத்தட்ட அதேதான். உங்கள் வீட்டில் விளக்க வேண்டி வந்தால் மஹரிலிருந்து ஆரம்பியுங்கள், சட்டென்று புரியும்.

சரி, பணம் போன கதைக்கு வருகிறேன். ராபி கிடைப்பதற்கு முன்னாலேயே படம் பிடித்துப்போய், தள்ளுபடி அந்த வாரத்தோடு முடிகிறது என்றதால், ஒரு கடையில் 520 டாலருக்கு ஆர்டர் கொடுத்தோம். இன்டர்ஃபெய்த் வாசகம் என்றுதான் தேர்ந்தெடுத்தோம். எந்த ராபியும் ஒத்துக்கொள்கிற வாசகம் என்று கடையில் எழுத்தில் உறுதி சொன்னார்கள். ஆங்கிலப் பக்கத்தைப் படித்தோம், பொதுவாக அன்பு, மரியாதை, சிரிப்பு என்று இருந்தது, சரி என்று விட்டோம். வந்து சேர்ந்தது. ராபி முதல் சந்திப்பில் அதைப் பார்த்தார், ஹீப்ரு பக்கத்தை ஒரு நிமிஷம் படித்தார், இதை நான் பந்தலில் வாசிக்க முடியாது என்று சொல்லிவிட்டார்.

என்ன ஆயிற்று என்றால், ஆங்கிலப் பக்கத்தில் இன்டர்ஃபெய்த் வாசகத்தைப் போட்ட கடைக்காரர்கள் ஹீப்ரு பக்கத்தில் பாரம்பரிய அராமிக் வாசகத்தையே போட்டிருந்தார்கள் (அராமிக்கையும் ஹீப்ரு எழுத்தில்தான் எழுதுவார்கள்). அதில் 'மோசே மற்றும் இஸ்ரவேலின் சட்டப்படி' என்ற சொற்றொடர் வருகிறது. அந்தச் சட்டப்படி கல்யாணம் என்றால் இருவரும் யூதர்களாக இருக்க வேண்டும். நான் யூதப்பெண் இல்லை, மாறுகிற எண்ணமும் இல்லை. கலப்புத் திருமணம் நடத்துகிற ராபிகள் பலரும் இந்தச் சொற்றொடரைத் தொடமாட்டார்கள், மோதிரம் போடும்போது சொல்கிற வாக்கியத்தில்கூட அதை மாற்றிவிடுவார்கள். அது மட்டுமில்லை, கன்னிப்பெண், 200 சூஸ் எல்லாம் அந்தப் பக்கத்தில் அப்படியே இருந்தன. எங்கள் இருவருக்கும் அராமிக் தெரியாது. என் கணவர் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பார் மிட்ஸ்வா என்கிற வயதுக்கு வரும் சடங்குக்குப் படித்த ஹீப்ருவை வைத்து எழுத்துக்கூட்டுவார், பொருள் தெரியாது. கடையில் கேட்டால், பெயர் அச்சிட்ட பொருளைத் திருப்பி எடுக்கமாட்டோம், வேண்டுமானால் பாதி விலைக்கு மறுபடி அச்சடித்துத் தருகிறோம் என்றார்கள். அன்றைக்கு ராத்திரி கெத்துபாவைச் சுருட்டி அனுப்பியிருந்த குழாயைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், பார்க்கவே பிடிக்கவில்லை.

ஆகவே வரிசை முக்கியம். முதலில் கல்யாணம் நடத்தப்போகிறவர் யார் என்று முடிவாக வேண்டும். ஆர்த்தடாக்ஸ் ராபி கலப்புத் திருமணம் நடத்தமாட்டார். கன்சர்வேடிவ் ராபிகளுக்கும் அவர்களுடைய சங்கம் தடை போட்டிருக்கிறது. ரிஃபார்மில் அந்தந்த ராபியின் மனசாட்சிக்கு விட்டிருக்கிறார்கள், ஒருவர் நடத்துவார், ஒருவர் மாட்டேன் என்பார், நடத்துகிறவரும் சில நிபந்தனைகள் வைப்பார். ரீகன்ஸ்ட்ரக்‌ஷனிஸ்ட் என்ற இன்னொரு பிரிவின் ராபிகளிலும் நடத்துகிறவர்கள் உண்டு. ஆள் முடிவானதும் மூன்று விஷயத்தை மின்னஞ்சலில் கேளுங்கள், வாய்ப்பேச்சில் வேண்டாம். நீங்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வாசகம் இருக்கிறதா, இருந்தால் இரண்டு மொழியிலும் அனுப்புவீர்களா. நாங்கள் மாற்றினால் எந்த வரியை மாற்றக் கூடாது. சாட்சிக் கையெழுத்து யார் யார் போடலாம். இந்தப் பதில்கள் கையில் வந்த பிறகு கடைக்குப் போங்கள். இரண்டாவது, ஆங்கிலப் பக்கம் ஹீப்ரு பக்கத்தின் மொழிபெயர்ப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பல கெத்துபாக்களில் அது மொழிபெயர்ப்பே கிடையாது, தனியாக எழுதிய ஒரு வாழ்த்து மாதிரி இருக்கும். ஹீப்ரு, அராமிக் படிக்கத் தெரிந்த, கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் கொடுத்து வரிக்கு வரி சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு யூதர்கள் கல்யாணம் செய்துகொண்டாலும் இது பொருந்தும், என் நாத்தனாருக்கே தன் கெத்துபாவில் என்ன எழுதியிருக்கிறது என்று என் கதையைக் கேட்ட பிறகுதான் பார்க்கத் தோன்றியது.

ராபி இரண்டு மூன்று மாதிரிகள் அனுப்பினார். ஒன்று வழக்கமான இன்டர்ஃபெய்த் வாசகம். இன்னொன்று பிரித் அஹுவிம் என்று சொல்கிறார்கள், பெண்ணை ஆண் கையகப்படுத்துகிற பழைய சட்ட அமைப்பை விட்டுவிட்டு, யூத சட்டத்தில் வியாபாரக் கூட்டாளிகளுக்கு இருக்கும் பங்குதாரர் விதியை வைத்து எழுதியது. இருவரும் ஆளுக்கொரு மதிப்புள்ள பொருளை ஒரே பைக்குள் போட்டு, பையைச் சேர்ந்து தூக்குவார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது, மாமனாருக்கும் பிடித்தது (அவர் கணக்காளர்). மாமியாருக்கு அது கெத்துபா மாதிரியே தெரியவில்லை. கடைசியில் முதல் மாதிரியை எடுத்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தோம்.

திருத்துவது என்றால் ஏதோ சொல் மாற்றுவது என்று நினைத்தேன். ஒரு வாக்கியத்தில் மாட்டிக்கொண்டோம். 'எங்கள் பிள்ளைகளை யூத மரபில் வளர்ப்போம், யூத இல்லமாக எங்கள் வீட்டை அமைப்போம்' என்று மாதிரியில் இருந்தது. நான் முடியாது என்றேன். என் கணவர், அதெல்லாம் சும்மா எழுதுவது, யார் கேட்கப்போகிறார்கள் என்றார். சும்மா எழுதுவது என்றால் எதற்கு எழுத வேண்டும் என்று நான் கேட்க, அவர் கதவைச் சாத்திக்கொண்டு போக, அந்த வாரம் வீட்டில் பேச்சில்லை. மாமியார் போனில் அழுதார். அவர் ஏன் அழுகிறார் என்று எனக்கு அப்போது புரியவில்லை, மதவெறி என்றே நினைத்தேன், அக்காவிடம் அப்படியே சொல்லவும் செய்தேன்.

விஷயம் இதுதான். ஆர்த்தடாக்ஸ், கன்சர்வேடிவ் கணக்கில் பிள்ளை யூதனா இல்லையா என்பது தாயை வைத்துத்தான். நான் யூதப்பெண் இல்லை என்பதால் என் பிள்ளைகள் அவர் வளர்ந்த சினகாக்கின் கணக்கில் யூதர்கள் ஆகமாட்டார்கள், முறைப்படி மதம் மாற்றினால் தவிர. ரிஃபார்ம் இயக்கம் 1983-ல் ஒரு தீர்மானம் போட்டது: தாயோ தகப்பனோ யாராவது ஒருவர் யூதராக இருந்தால் போதும், ஆனால் பிள்ளையை வெளிப்படையாக யூதப் பிள்ளையாக வளர்க்க வேண்டும். ஆக மாமியாருக்கு மிச்சம் இருந்த ஒரே வழி அந்த 'வளர்ப்போம்' என்ற வார்த்தைதான். இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருந்தால் கத்தாமல் பேசியிருப்பேன். சம்மதித்திருக்கமாட்டேன், ஆனால் கத்தியிருக்கமாட்டேன். நீங்கள் பெண்ணாக இருந்து மாப்பிள்ளை யூதர் என்றால் இந்த வரி வந்தே தீரும், வாசகம் பார்ப்பதற்கு முன்னாலேயே இருவரும் தனியாக உட்கார்ந்து பேசிவிடுங்கள். பெண் யூதர், மாப்பிள்ளை தமிழர் என்றால் பிள்ளைகள் பற்றிய அந்தக் கவலை அவர்களுக்கு அவ்வளவு இருக்காது, வேறு கவலைகள் இருக்கும்.

வழி ராபியிடமிருந்துதான் வந்தது. கெய்ரோவில் ஒரு பழைய சினகாக்கின் அறையில், கெனிசா என்பார்கள், நூற்றாண்டுக் கணக்கில் போட்டுவைத்த காகிதங்கள் கிடைத்தன. அதில் கராயிட் யூதர்களுக்கும் ரப்பனைட் யூதர்களுக்கும் நடந்த கல்யாணங்களின் கெத்துபாக்களும் உண்டு. இரண்டு பிரிவுக்கும் பண்டிகை நாள் கணக்கே வேறு. சப்பாத் என்கிற வாராந்திர ஓய்வு நாள் ராத்திரியில் விளக்கு எரியவிடுவது ஒருவருக்குக் கடமை, இன்னொருவருக்குப் பாவம். அவர்கள் என்ன செய்தார்கள் என்றால், சப்பாத்தில் விளக்கு வெளிச்சத்தில் உட்காரும்படி அவளை வற்புறுத்தமாட்டேன், அவள் பண்டிகைகளை மீறச் சொல்லமாட்டேன் என்கிற மாதிரி நிபந்தனைகளைப் பத்திரத்திலேயே எழுதிக்கொண்டார்கள். சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முன்னால்! இதைக் கேட்டபோது என் தோள் இறங்கியது. எதை நம்புவோம் என்று எழுதாமல், எதைக் கட்டாயப்படுத்தமாட்டோம் என்று எழுதலாம். ராபி இன்னொன்றும் சொன்னார், கையெழுத்துப் போடுவது நீங்கள் இருவர், பிறக்காத மூன்றாவது ஆளுக்காக அதில் சத்தியம் செய்யாதீர்கள் என்று.

அப்புறம் வேகமாக எழுதினோம். ஒருவர் பண்டிகையில் மற்றவர் கலந்துகொள்வோம், கலந்துகொள்ளும்படி கட்டாயப்படுத்தமாட்டோம். ஒருவர் வீட்டு உணவு வழக்கத்தை மற்றவர் மீறச் சொல்லமாட்டோம். (இது சும்மா இல்லை. பெசாக் பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் ஆகாது, அஷ்கெனாசி வழக்கத்தில் அரிசியும் பருப்பும்கூட ஆகாது. இட்லி மாவு அந்த வாரம் மாமியார் வீட்டு ஃப்ரிட்ஜுக்குள் நுழைய முடியாது.) பிள்ளைகள் என்ற சொல் வேண்டாம் என்று, 'இந்த வீட்டில் வளர்பவர்களுக்கு இரு பக்கத்துத் தாத்தா பாட்டிகளின் கதைகளையும் விழாக்களையும் மறைக்காமல் கொடுப்போம்' என்று ஒரு வரி. மாமியாருக்கு இதில் முழுத் திருப்தி இல்லை, இன்றைக்கும் இல்லை. ஆனால் அழுகை நின்றது.

கன்சர்வேடிவ் வாசகத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் லீபர்மன் பிரிவு என்று ஒன்று இருக்கும், 1950-களில் சால் லீபர்மன் என்ற அறிஞர் சேர்த்தது. யூத முறையில் விவாகரத்து என்றால் கணவன் 'கெட்' என்ற பத்திரம் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் மனைவி மறுமணம் செய்ய முடியாது. பிரச்சினை வந்தால் இருவரும் மத நீதிமன்றத்துக்குப் போவோம் என்று அந்தப் பிரிவு சொல்கிறது. 1983-ல் அவிட்சூர் வழக்கில் நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், இப்படி எழுதிக் கையெழுத்திட்டதை மற்ற ஒப்பந்தங்கள் போலவே அமல்படுத்தலாம் என்று சொல்லிவிட்டது. எங்களுக்கு இந்தப் பிரிவு தேவைப்படவில்லை, எங்கள் கல்யாணத்தைக் கலைக்க கெட் வேண்டியதில்லை. ஆனாலும் சும்மா அலங்காரத்துக்கு எழுதுவது என்ற பேச்சை இந்த வழக்கைப் படித்ததோடு நான் நிறுத்திவிட்டேன். என் கணவருடைய நண்பர் ஒருவர் வக்கீல், அவரும் வீடு, சேமிப்பு, இன்ன தொகை என்று எதையும் கெத்துபாவில் எழுதாதே என்றார். இங்கே சொத்து பற்றிய திருமண ஒப்பந்தம் செல்ல வேண்டுமென்றால் நிலப்பத்திரத்துக்குச் செய்வது போல நோட்டரி முன்னால் ஒப்புதல் கொடுத்திருக்க வேண்டும். அது வேண்டுமென்றால் தனியாக, ஆளுக்கொரு வக்கீல் வைத்துச் செய்வதுதான் முறை.

வாசகம் முடிந்தது என்று அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. "புரியாத பாஷையில மந்திரம் வேணாம்னுதானே நானும் உங்கம்மாவும் அப்படிக் கல்யாணம் பண்ணிக்கிட்டோம். நீ இப்ப அராமிக்ல கையெழுத்துப் போடுறேங்கிறே?" அப்பா அம்மாவுடையது சுயமரியாதைத் திருமணம், அழைப்பிதழில் 'வாழ்க்கைத் துணைநல ஒப்பந்த விழா' என்று போட்டிருப்பார்கள். 1967-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த சட்டத்திருத்தத்தில், இருவருக்கும் புரிகிற மொழியில் ஒருவரை ஒருவர் ஏற்பதாக அறிவித்தாலே கல்யாணம் செல்லும் என்று இருக்கிறது. அப்பாவுக்கு அது மனப்பாடம். ராபியிடம் சொன்னேன், அவர் சிரித்துவிட்டு, அராமிக்கும் ஒரு காலத்தில் எல்லாருக்கும் புரிகிற தெருப் பேச்சு என்பதால்தான் கெத்துபாவை அதில் எழுதினார்கள், உன் அப்பா சொல்வது சரிதான் என்றார். அப்படி வந்தது மூன்றாவது பத்தி, தமிழில். அப்பாவே எழுதினார், அவர்கள் கல்யாணத்தில் வாசித்த உறுதிமொழியிலிருந்து சில வரிகளை எடுத்து.

தமிழைச் சேர்க்கிறவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள், இதில் எனக்கு இன்னும் எரிச்சல் அடங்கவில்லை. கடைக்கு ஒருங்குறியில் தட்டச்சு செய்து அனுப்பினேன். அவர்கள் திருப்பி அனுப்பிய மாதிரியில் 'கொடுப்போம்' என்பதன் கொம்பு ககரத்துக்கு அந்தப் பக்கம் போய் அநாதையாக நிற்கிறது, கால் வேறு எங்கோ, புள்ளிகளெல்லாம் எழுத்தைவிட்டு இறங்கி வட்டம் வட்டமாகக் கிடக்கின்றன. அவர்கள் வடிவமைக்கிற மென்பொருளில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போட்டுவிட்டால் சரியாக வரும், அதைப் போடாமல் ஒட்டியிருக்கிறார்கள். சொன்னால், எங்கள் கண்ணுக்கு நன்றாகத்தானே இருக்கிறது என்று பதில். ஹீப்ருவுக்கும் இதே ஆபத்து உண்டு, வலமிருந்து இடம் போகத் தெரியாத மென்பொருளில் ஒட்டினால் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் விழும். நான் கடைசியில் சென்னையில் அச்சுவேலை தெரிந்த ஒரு நண்பரிடம் கொடுத்து, தமிழ்ப் பத்தியை எழுத்துருவாக இல்லாமல் கோட்டுருவமாக மாற்றி பிடிஎஃப் வாங்கி அனுப்பினேன். அதை அவர்களால் கெடுக்க முடியவில்லை. கடைசி மாதிரியைக் கணினித் திரையில் மட்டும் பார்க்காமல் தாளில் அச்செடுத்து, தமிழ் தெரிந்த இரண்டு பேர் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் பார்க்கட்டும்.

பெயரிலும் அதே கதை. என் பெயரில் ழகரம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதை 'இசட் எச்' போட்டு எழுதுவோம். அதைப் பார்த்து ஹீப்ருவில் எழுதியவர் சயின் எழுத்துக்கு (ஆங்கில இசட் ஒலி) பக்கத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தார், வாசித்தால் பிரெஞ்சுக்காரர் பெயர் மாதிரி ஒலிக்கிறது. ஹீப்ருவில் ழகரம் கிடையாது, லாமெத் (லகரம்) போடுங்கள் என்றேன், எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். உங்கள் பெயரை நீங்களே ஒலிப்பதிவு செய்து ராபிக்கு அனுப்பி, அவரிடம் எழுதி வாங்கிக் கடைக்குக் கொடுங்கள். மற்றபடி நம் பெயர் முறை இதற்கு ரொம்பத் தோதானது. குடும்பப் பெயர் என்ன என்று விமான நிலையத்திலிருந்து வங்கிவரை எல்லாரும் உயிரை எடுக்கும் இந்த ஊரில், இன்னாரின் மகள் இன்னார் என்று கேட்கும் ஒரே படிவம் இதுதான். ரிஃபார்ம் முறையில் தாய் பெயரையும் சேர்க்கிறார்கள். அம்மாவுக்கு அதில் வந்த பெருமை சொல்லி முடியாது. வீட்டுப் பத்திரத்தில்கூட அவர் பெயர் கிடையாது.

தேதியில் ஒரு கண்ணி இருக்கிறது. யூத நாள் சூரியன் மறைந்ததும் ஆரம்பிக்கும். எங்கள் கல்யாணம் 2024 நவம்பர் 10, ஞாயிறு. கடையின் கணினி தானாகவே யூத நாட்காட்டிப்படி 9 ஹெஷ்வான் 5785, வாரத்தின் முதல் நாள் என்று போட்டிருந்தது. ஆனால் கடிகாரத்தைப் பின்னால் தள்ளிய பிறகு நியூயார்க்கில் அந்த வாரம் ஐந்து மணிக்கு முன்னாலேயே இருட்டிவிடும், பந்தலில் நாங்கள் நிற்கப்போவது ஐந்தரைக்கு. அப்போது 10 ஹெஷ்வான், வாரத்தின் இரண்டாம் நாள். ராபி 10 என்றே போடச் சொன்னார், நடந்த நாளுக்கு முந்தைய தேதியிட்ட கெத்துபாவை மரபுச் சட்டம் ஏற்பதில்லை. சாயங்காலக் கல்யாணம் என்றால் அந்த நாளின் அஸ்தமன நேரத்தைப் பார்த்து, ராபியிடம் கேட்டுத் தேதி கொடுங்கள்.

சாட்சி விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. அக்கா கையெழுத்துப் போட வேண்டும் என்று ஆசைப்பட்டேன், அவளும் அதற்காகவே டிக்கெட்டை முன்னாலேயே போட்டாள். சாட்சிகள் மணமக்களுக்கு உறவாக இருக்கக் கூடாது, இருவரும் யூதராக இருக்க வேண்டும் என்பதில் எங்கள் ராபி கறார். பெண்கள் போடலாம் என்றார், ஆர்த்தடாக்ஸில் அதுவும் கிடையாது. கடைசியில் ஹீப்ரு பத்திக்குக் கீழே அந்த இரண்டு சாட்சிகள், தமிழ்ப் பத்திக்குக் கீழே அக்காவுக்கும் என் கல்லூரித் தோழிக்கும் தனியாக இரண்டு கோடுகள் என்று முடிந்தது. கோடுகள் எத்தனை, எதற்குக் கீழே என்ன பெயர் என்பதை அச்சுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும், பிற்பாடு பேனாவால் கோடு போட்டால் அசிங்கமாக இருக்கும்.

கையெழுத்துக்கு நீர் பட்டாலும் கலையாத நிறமி மைப் பேனா இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். மண்டபத்தில் யாராவது நீட்டும் பந்துமுனைப் பேனா வேண்டாம், பருத்தித் தாளில் பள்ளம் விழும், சில வருஷத்தில் மங்கிவிடும். அதே தாளில் ஒரு துண்டைக் கடையில் கேட்டு வாங்கி முதலில் எழுதிப் பாருங்கள். சட்டம் போடுவது கையெழுத்துக்கு அப்புறம்தான், ஆனால் அன்றைக்கு நிற்க வைக்கக் கெட்டியான அட்டை ஒன்று வேண்டும். இரண்டாவது அச்சுக்குப் பாதி விலை 260, பெரிய அளவுக்கு மாறியதால் சட்டத்துக்குக் கொஞ்சம் கூடுதல், சென்னை நண்பர் காசு வாங்கவில்லை. கடையிடமிருந்து முழுக் கோப்பையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன், அப்பா திருச்சி வீட்டுக்கு ஒரு நகல் கேட்கிறார். அங்கேயே அச்சடித்துக்கொள்ளட்டும், செலவு குறைவு.